ஆய்வுகளை ஆய்தல்

பொருளியலிற் பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும் மாணாக்கர், தம் சொந்த ஆய்வைத் தொடங்குமுன் கற்கவேண்டிய முறை ஒன்று உண்டென்பது என் துணிபு. அதனை மெற்றா பகுப்பாய்வு என்பர். ஒரே வினாவுக்கு விடை தேடிய பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி, அவற்றையே தரவாகக் கொண்டு ஆராய்வது அது. இப்பெயரை 1976இல் இட்டவர் அமெரிக்கக் கல்வியியலாளர் ஜீன் கிளாஸ். பொருளியலில் அதற்கு வழி திறந்தது ஸ்ரான்லி, ஜாரல் என்போர் 1989இல் எழுதிய கட்டுரை.

தமிழாசிரியனுக்கு இங்கென்ன வேலை என்று வினவுவார் உளராயின், அவருக்கு ஏட்டுச் சுவடிகளை நினைவூட்டுவேன். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், சுவடிகளை ஒப்பிட்டுப் பாடந் துணிதலே பதிப்பாசிரியரின் பெருந்தொழில். பத்துச் சுவடிகள் ஒரு பாடத்தைக் காட்டினும், பத்தும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டனவாயின் அவை பத்துச் சான்றுகள் ஆகா, ஒரு சான்றே. பொருளியலிலும் ஒரே ஆசிரியர் ஒரே தரவிலிருந்து முப்பது மதிப்பீடுகளைத் தருவதுண்டு. அவற்றை முப்பது சாட்சிகளாக எண்ணுபவன் ஏமாறுவான்.

ஓர் ஏடு சிதைந்திருப்பின் அது பதிப்பாசிரியரின் கண்ணுக்குத் தெரியும். வெளிவராத ஆய்வோ எவர் கண்ணுக்கும் படுவதில்லை. இம்முறையின் உயிர்நிலை இங்கேதான் உளது. குறைந்தபட்சக் கூலியை எடுத்துக்கொள்வோம். கூலியை உயர்த்தினால் வேலைவாய்ப்புக் குறையும் என்பது பாடநூற் கொள்கை. கார்ட், குறூகர் என்னும் அறிஞர் இருவர் 1995இல் அமெரிக்க ஆய்வுகளை வரிசைப்படுத்தி நோக்கினர். மாதிரியின் அளவு பெருகப் பெருக முடிவின் உறுதியும் ஏறவேண்டும், ஏறவில்லை. எதிர்பார்த்த விடை வந்த ஆய்வுகளே அச்சேறினவோ என்ற ஐயம் பிறந்தது. பின்னர் டூக்கூலியாகோஸ், ஸ்ரான்லி ஆகியோர் 2009இல் 64 ஆய்வுகளின் 1,474 மதிப்பீடுகளைத் திரட்டினர். நுட்பம் மிக்க மதிப்பீடுகள் பூச்சியத்தை அண்டியே குவிந்து நின்றன. இதனால் வழக்குத் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லேன். இன்றும் வாதிடுவோர் உளர். ஆனால், ஏழைத் தொழிலாளியின் நாட்கூலியை முடிவு செய்வோர் கையில் இருப்பது எத்தகைய சான்று என்பதை அறியாதிருத்தல் தகுமா?

இஃதொரு தனி நோயன்று. 2017இல் வெளிவந்த ஒரு பேராய்வு, பொருளியலின் 159 ஆய்வுத் துறைகளை நோக்கி, வெளியிடப்பட்ட விளைவுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 மிகைப்படுத்தப்பட்டவை என்று கண்டது.

“பிறர் உழைப்பைக் கூட்டிப் பெருக்குவதும் ஓர் ஆய்வா?” என்று இதனை இகழும் பேராசிரியர் உண்டு. அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. கணினியில் ஒரு பொத்தானை அழுத்திச் சராசரி காண்பதே முறையென எண்ணும் மாணவனுக்கு அவ்விகழ்ச்சி பொருந்தும், அவ்வளவே. சராசரியினும் பெரிது வேறுபாட்டின் காரணம். எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தத் தரவு, எந்தக் கணிப்பு முறை என்று ஒவ்வொரு கட்டுரையையும் வரிவரியாகப் படித்துக் குறித்தால், ஓர் ஆசிரியரின் தெரிவு அவர் விடையை எங்ஙனம் அசைத்தது என்பது புலப்படும். வேறெந்த விரிவுரையும் இதனைக் கற்பிப்பதாக நான் கருதவில்லை.

ஆதலால் மாணவன் சிறியதொரு வினாவைத் தெரிந்தெடுக்க. எவ்வாய்வைச் சேர்ப்பது, எதனை விடுவது என்ற விதியை விடைகளைப் பார்க்குமுன் எழுதிவைக்க. ஒவ்வொரு மதிப்பீட்டுடனும் அதன் நியம வழுவைத் தவறாது குறிக்க. அஃதின்றேல் நுட்பமானதையும் நொய்ந்ததையும் பிரித்தறிதல் இயலாது. குறிப்பெடுக்கும் வேலையை நண்பன் ஒருவனும் தனித்துச் செய்ய, இரண்டையும் பின்னர் ஒப்புநோக்குக. முரண்படும் இடங்கள் நாணத் தக்க அளவு பலவாக இருக்கும். அச்சேறாத ஆய்வேடுகளையும் தேடுக. பல்கலைக்கழக நூலகத்தின் பின்தட்டுகளிற் பல தூசு படிந்து கிடக்கின்றன.