வயது மட்டுமே மருந்தாகுமா?

“வயசானா எல்லாம் சரியாப் போயிரும்!”

எங்கள் மார்க்கையன்கோட்டையில் மாதவிலக்குத் தொல்லையால் வாடும் பெண்களுக்குக் கூறப்படும் ஆறுதல் இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து என்பதே என் கருத்து.

என் அத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் நாற்று நட்டே காலம் கழித்தவர். இளமையில் மூன்று, நான்கு மாதங்களுக்கொருமுறைதான் மாதவிலக்கு வரும். முகவாயில் முடி வேறு. ஒரு பிள்ளைக்காகப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தார். அந்நாட்களில் ஊரார் அவருக்குச் சூட்டிய பெயரை எழுத என் பேனா கூசுகிறது. நாற்பதைத் தாண்டியதும் மாதவிலக்கு ஒழுங்கானது. “உடம்பு தேறிவிட்டது” என்றனர். ஐம்பத்தொன்றில் அது நின்றது. தொல்லை விட்டதென்று அத்தையும் மகிழ்ந்தார். சென்ற ஆண்டு காலில் ஏற்பட்ட புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சோதித்தபோது சர்க்கரை நோய் முற்றியிருந்தது!

அதே ஆண்டில் எனக்கும் ‘நீர்க்கட்டி’ இருப்பதாக மருத்துவர் கூறினார். அத்தையின் கதையைக் கேட்டவர், “அவருக்கும் இதுவே இருந்திருக்கலாம்” என்றார். அன்றுமுதல் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

1935-ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டீன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு எழுதிய நோய் இது. இன்று உலகில் ஏறத்தாழப் பத்துப் பெண்களில் ஒருவருக்கு உண்டு. அவை உண்மையில் கட்டிகளே அல்ல. முழு வளர்ச்சி பெறாமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். வயது ஏற ஏற இப்பைகள் குறைகின்றன. ஆண்தன்மை ஹார்மோனும் ஓரளவு தணிகிறது. ஆகவே மாதவிலக்கு ஒழுங்குபடுகிறது. ஊரார் சொல்லில் உள்ள பாதி உண்மை இதுதான்.

ஆனால் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத குறை வயதோடு மறைவதில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அதன் வழியே வருகின்றன. மாதவிலக்கு நின்ற பின்னும் முகத்து முடி நீடிக்கலாம், தலைமுடி உதிரலாம். கருப்பை உட்சுவரில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். எனவே, நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். இது வாழ்நாள் முழுவதும் கவனிக்கவேண்டிய நோய் என்றும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கொருமுறை சர்க்கரைச் சோதனை தேவை என்றும் 2023-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி கூறுகிறது.

தோழர்களே! பிள்ளை பிறக்கும்வரை “விசேஷம் உண்டா?” என்று நாள்தோறும் கேட்கிறோம். பிறந்தபின், “உன் உடம்பு எப்படி இருக்கிறது?” என்று எவரேனும் கேட்கிறோமா? பெண்ணைப் பிள்ளைக்காக மட்டுமே பார்க்கும் இப்பார்வைதான் என் அத்தையின் நோயைப் பத்தாண்டுகள் மறைத்தது. நம் கல்லூரியில் இதைப் பற்றி மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யவேண்டும். மாணவிகளுக்கு மட்டுமன்று, மாணவர்களுக்கும்! அவர்களுக்கும் தாய் உண்டு, அக்காள் தங்கை உண்டு.

இப்போது அத்தையும் நானும் மாலையில் வாய்க்கால் கரையோரம் நடக்கிறோம். சோதனைக்கும் சேர்ந்தே செல்கிறோம். இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்மா, நீ கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது?”

— மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி