பரிசும் படைப்பும்

பரிசு பெற்றவரே படைத்தவர் என மாணவர்க்குக் கற்பிப்பது பெரும்பிழையாகும். அலைகள் கட்டம் பிறழாது ஒன்றிச் செல்லும் ஓரியல் ஒளிக்குக் குவாண்டம் கோட்பாட்டை 1963-இல் அமெரிக்காவில் வகுத்தவர் இருவர்: ராய் கிளாபர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற கேரள அறிஞர் சுதர்சன். கிளாபரின் பங்கு சிறிதன்று. ஆயினும், எவ்வகை ஒளியையும் ஓரியல் நிலைகளைக் கொண்டே எழுதலாம் எனப் பொதுநிலையில் நிறுவியவர் சுதர்சனே. இன்றும் அம்முறை இருவர் பெயராலும் வழங்குகிறது.

2005-இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிளாபருக்குச் சென்றது, சுதர்சன் விடப்பட்டார். எழுத்தில் முறையிட்டும் பயனில்லை. மூவர்க்கு மேல் பரிசில்லை என்பது குழுவின் விதி. வரலாற்றுக்கு அவ்விதி இல்லை.

ஆசிரியப் பெருமக்களே! பரிசுப் பட்டியலை ஒப்பிக்கச் செய்வதை விடுத்து, மூலக் கட்டுரைகளைக் காட்டுங்கள். இருவர் பெயரையும் ஒருசேரச் சொல்லுங்கள்.