ஒரே இலக்கத்தில் இருப்பவர் எல்லாம் திருப்தியானவரா?

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் கைத்தொலைபேசி இலக்கமே விலாசம். வீடும் ஒழுங்கையும் கைவிட்டுப் போன பின்பும் கனடாவிலுள்ள பிள்ளை எடுப்பதும், பிரதேச செயலகம் காணி விடயமாக அறிவிப்பதும், வெங்காய வியாபாரி விலை சொல்வதும் அந்தப் பத்து இலக்கங்களுக்குத்தான். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை முகாம், எத்தனை வாடகை வீடு மாறின என்பதை நாம் அறிவோம். பின்னாளில் கைக்கு வந்த இலக்கத்தை மட்டும் பலர் மாற்றவில்லை.

இதைக் கம்பனிகள் வேறுவிதமாக விளங்கிக்கொள்ளக்கூடும். பத்து வருடமாக ஒரே சிம் பாவிக்கிறவர் எமது சேவையில் திருப்தியடைந்தவர் என்று அவை கணக்கெழுதலாம். உண்மை அதுவல்ல. இலக்கம் போனால் உறவும் போகும் என்ற பயத்தில் இருப்பவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

அப்படியானால் திருப்தி எதனால் வருகிறது? 1988 இல் பரசுராமன், சைத்தாமல், பெரி என்னும் மூன்று ஆய்வாளர்கள் சேவையின் தரத்தை ஐந்து அம்சங்களாக வகுத்து அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். வாடிக்கையாளர் அவற்றுள் முதலாவதாக மதித்தது, சொன்னதைச் சொன்னபடி செய்வதை. கட்டடத்தின் பகட்டும் ஊழியரின் உடுப்பும் கடைசியில் வந்தன. விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

எமது மக்களுக்குச் சொன்னபடி செய்வது என்றால், தோட்டத்தில் நின்றும் கதைக்க முடிய வேண்டும். கவரேஜ் தேடி மதகில் ஏறி நிற்கக் கூடாது. நூறு ரூபாய் ரீலோட் போட்டால் நூறு ரூபாயும் எமது கணக்கில் நிற்க வேண்டும். கேளாத பாட்டுச் சேவைக்குக் காசு வெட்டுவதுபோல மனதை நோகச் செய்வது வேறில்லை. தொகை சிறிது, ஆனால் கூலிக்காரன் காசு அது. கேட்கப்போனால் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும். நிமிடக் கட்டணம் இவற்றுக்குப் பின்னர்தான். மலிவு என்று வாங்கிய சிம்மில் குரல் கேட்காவிட்டால் அது மலிவல்ல.

இந்தியாவில் 2011 ஜனவரி முதல் இலக்கத்தை வைத்துக்கொண்டே கம்பனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் உண்டு. பிடிக்காதவர் போகலாம் என்ற நிலை இருந்தால்தான், நிற்பவரின் திருப்தியை நம்பலாம். அந்த உரிமை எமது கிராமத்துக் கடை வரைக்கும் எட்ட வேண்டும் என்பதே எமது கருத்து.

காசு வெட்டுப்பட்டால் திகதியையும் நேரத்தையும் கொப்பியில் குறித்துவைத்து முதலில் கம்பனியிடம் முறையிடுங்கள். பதில் இல்லையேல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். பல மாதங்கள் பாவியாது விட்ட இலக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆகவே பெட்டிக்குள் கிடக்கும் பழைய சிம்மில் யாராவது உங்களைத் தேடக்கூடுமானால், இடைக்கிடை ஒரு சிறு ரீலோட் போட்டு வையுங்கள்.