பழைய செட்டாப் பாக்ஸ் விற்பனையும் நமது நேர்மையும்

 

வீடு மாறும்போதும், வேறு நிறுவனத்தின் இணைப்புக்குச் செல்லும்போதும், இணையத்தின் வழியே பார்க்கப் பழகிவிட்ட பிறகும் நம் இல்லங்களில் ஒரு செட்டாப் பாக்ஸ் மிஞ்சிப் போகிறது. மொட்டை மாடியில் டிஷ் துருப்பிடிக்கிறது. அலமாரியில் பெட்டி தூசி படிகிறது. 'யாருக்காவது கொடுத்தால் ஐந்நூறு ரூபாயாவது வருமே' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதில் தவறேதும் இல்லை. பயன்படும் பொருளை வீணாக்காமல் தேவையுள்ளவரிடம் சேர்ப்பது நல்ல செயலே. ஆனால் அந்த ஐந்நூறு ரூபாய் நம் கைக்கு எவ்வழியில் வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

பெரிய வியாபாரத்தில் ஹலால், ஹராம் பேணும் நம்மில் பலர், இத்தகைய சிறு விற்பனைகளை வியாபாரமாகவே கருதுவதில்லை. நகை வாங்கும்போது வட்டி கலந்திருக்கிறதா என்று ஆலிமிடம் கேட்கிறோம். பழைய பெட்டியை விற்கும்போதோ, 'ஓடுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். மார்க்கம் விலையைப் பார்த்துச் சட்டத்தை மாற்றிக்கொள்வதில்லை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து 'அல்முதஃப்பிஃபீன்' என்ற பெயரில் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அருளப்பட்டிருக்கிறது. அளவையில் குறைக்கப்படுவது ஒவ்வொரு முறையும் ஒரு பிடி தானியமாகத்தான் இருக்கும்; ஆயினும் கண்டனம் சிறியதாக இல்லை.

முதலில் நாம் விற்பது எதை என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். செட்டாப் பாக்ஸ் என்பது மின்விசிறியைப் போலத் தனித்து இயங்கும் பொருள் அன்று. கட்டண டி.டி.எச். சேவையில் பெட்டியும் அதற்குரிய பார்வை அட்டையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். அட்டையே இல்லாத பெட்டிகளில் அந்த அடையாளம் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரு வாடிக்கையாளரின் பெயரிலும் அலைபேசி எண்ணிலும் பதிவாகியிருக்கும். ஒரு நிறுவனத்தின் பெட்டியை மற்றொரு நிறுவனத்தின் சேவைக்கு மாற்றிப் பயன்படுத்த நடைமுறையில் இயலாது. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. பழைய பெட்டிகளைப் பொறுத்தவரை அந்தச் சுதந்திரம் கிடைத்ததாகக் கொள்ள முடியாது.

எனவே விற்பவர் பெட்டியை மட்டும் கொடுத்துக் கணக்கைத் தம் பெயரிலேயே விட்டுவிட்டால், வாங்கியவர் பாதிப் பொருளைத்தான் பெற்றிருக்கிறார். சேவை நின்றால் அவரால் முறையிட இயலாது. சரிபார்ப்பு எண் பழைய உரிமையாளரின் அலைபேசிக்கே செல்லும். கணக்கில் மீதமுள்ள தொகை யாருக்குரியது என்பதும் பேசப்படாமல் போனால், பின்னர் அதுவே சச்சரவுக்கு வித்தாகும். விற்கப்படும் பொருளும் விலையும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வலியுறுத்துவதன் பொருள் இத்தகைய இடங்களில்தான் நமக்கு விளங்குகிறது.

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றுண்டு: அந்தப் பெட்டி நம்முடையதுதானா? சில நிறுவனங்கள் பெட்டியை விலைக்கு விற்கின்றன. சில, தம் உடைமையாகவே வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் தருகின்றன. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017ஆம் ஆண்டு முதல் விலையின்றி வழங்கிய பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை செயற்கைக்கோள் பெட்டிகள் அல்ல, கேபிள் பெட்டிகள். ஆனாலும் பழைய பொருள் சந்தையில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. இலவசமாகப் பெற்றதால் அது நம் சொத்தாகிவிடாது; இணைப்பு வேண்டாமென்றால் திருப்பித் தர வேண்டிய பொருள் அது. அமானிதமாகக் கைக்கு வந்ததை விற்றுக் காசாக்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. விற்பதற்கு முன் பழைய ரசீதையோ ஒப்பந்தத்தையோ ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நம் கடமை.

அடுத்து, குறைகளைப் பற்றிப் பேசுவோம். பழைய பெட்டியின் குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே மின்தேக்கிகள் உப்பிப் போயிருந்தால், பெட்டி முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும். சூடேறியதும் அணைந்து அணைந்து எரியும். கடையில் நின்று இரண்டு நிமிடம் பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. மாதக்கணக்கில் அதோடு போராடிய நமக்கு நன்றாகத் தெரியும். கடலோர ஊர்களில் டிஷ்ஷின் முனையில் உள்ள எல்.என்.பி.யின் இணைப்பு உப்புக்காற்றில் அரித்துப்போய்ச் சில சேனல்கள் மட்டும் வராமல் போகலாம். அதையும் வீட்டிலிருந்தவர்தான் அறிவார்.

காலங்கடந்த தொழில்நுட்பமும் ஒரு குறைதான். நம் நாட்டில் டி.டி.எச். சேவை தொடங்கிய காலத்தில் வந்த பெட்டிகள் பல எம்பெக்-2 முறையில் இயங்கியவை. 2007ஆம் ஆண்டின் இறுதியில் வந்த சன் டைரக்ட் எம்பெக்-4 முறையோடு தொடங்கியது. மற்றவையும் படிப்படியாக அம்முறைக்கு வந்தன. எம்பெக்-2 பெட்டி எம்பெக்-4 முறையில் வரும் காட்சிகளைக் காட்டாது. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. ஆயினும் வாங்குபவருக்கு அது வெறும் இரும்புத் தகடே. 'பெட்டி நன்றாக இருக்கிறது' என்று சொல்லி இதை விற்பவர் சொல்லளவில் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் பெட்டிகளிலும் இதே நிலை. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கிய அச்சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. அது உண்மை. ஆனால் 'மாதக் கட்டணமே இல்லை, எல்லாச் சேனலும் வரும்' என்று சொல்லி விற்பது உண்மையன்று; தமிழில் பெரும்பாலோர் விரும்பிப் பார்க்கும் கட்டணச் சேனல்கள் அதில் வருவதில்லை. வயது முதிர்ந்த ஒருவர், மாதச் செலவு மிச்சமாகும் என்று நம்பித் தம் சேமிப்பிலிருந்து அதை வாங்கிச் சென்று ஏமாந்தால், அந்த ஏமாற்றத்துக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கடைத்தெருவில் உணவு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று அந்த வியாபாரி காரணம் சொன்னார். நனைந்தது அவருடைய குற்றமன்று. நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றம். நம் பெட்டி பழுதானதும் நம் குற்றமன்று. அப்பழுதைச் சொல்லாமல் விடுவதே நம்மைக் குற்றவாளியாக்குகிறது.

சிலர், 'உள்ளது உள்ளபடி விற்கிறேன், பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு நான் பொறுப்பல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேனே' என்பர். இது குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அத்தகைய நிபந்தனை ஒப்பந்தத்தில் செல்லுபடியாகும். ஷாஃபிஈ மத்ஹபிலோ அது மிகக் குறுகிய வரம்புக்குள்தான் ஏற்கப்படுகிறது; அறிந்த குறையை மறைத்தவரை அது காப்பாற்றாது. ஆனால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டா இல்லையா என்பது வேறு. தெரிந்த குறையை மறைப்பது பாவமா என்பது வேறு. இரண்டாவதில் நமக்கு ஐயமிருக்க முடியாது. ஹனஃபி மத்ஹபின் இமாமான அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே துணி வியாபாரி. அவர்களுடைய பங்காளி, குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, வாங்கியவர் யாரென அறிய முடியாத நிலையில் விற்ற பணத்தை இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பேணுதல் என்பது அதுதான்.

வளைகுடா நாடுகளில் வாழும் நம் சகோதரர்களுக்கும் ஒரு செய்தி. ஊரிலிருந்து பெட்டியை எடுத்துச் சென்று அறையில் பொருத்துவதும், ஊர் திரும்பும்போது அடுத்தவருக்கு விற்றுவிட்டு வருவதும் நெடுங்கால வழக்கம். நம் நாட்டு டி.டி.எச். நிறுவனங்களின் உரிமம் இந்தியாவுக்குள் சேவை வழங்குவதற்கானது. வெளிநாட்டில் பயன்படுத்துவது நாம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு மாறானது. கட்டணம் செலுத்தாமலே சேனல்களைத் திறந்து காட்டும்படி திருத்தப்பட்ட பெட்டிகளின் நிலை இன்னும் மோசம். 'காற்றில் வரும் அலையைப் பிடிப்பது எப்படித் திருட்டாகும்?' என்று கேட்பவர்கள் உண்டு. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, ஆக்க உரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாதென்றும் தீர்மானித்தது. அந்த அடிப்படையில் பார்த்தால், திருத்தப்பட்ட பெட்டியை விற்பவர் பிறர் உரிமையை மீறும் கருவியை விற்கிறார்.

'டி.வி. பெட்டியே கூடாது என்னும்போது இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்கும் சகோதரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கருவி ஒன்றுதான், அதில் செய்தியும் பாடமும் வருகின்றன, ஆபாசமும் வருகின்றது. பயன்பாட்டைப் பொறுத்தே அதன் நிலை அமைகிறது என்பதே நம் கருத்து. ஆயினும், தம் வீட்டுக்கு இது வேண்டாமென்று மார்க்கப் பற்றால் முடிவெடுத்தவர், அதே பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கு விற்பது முரண். தமக்கு விரும்புவதையே தம் சகோதரருக்கும் விரும்ப வேண்டும் என்ற நபிமொழியை மனத்தில் கொண்டால், அவருக்குரிய வழி அதை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதுதான்.

வாங்குபவருக்கும் கடமைகள் உண்டு. பணமுடையால் விற்பவரின் நெருக்கடியைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பது அழகன்று. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே கெடுத்துவிட்டு, 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது' என்பதும் மோசடியே. அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதும், கேள்விகளை வெட்கமின்றிக் கேட்பதும் வாங்குபவரின் பொறுப்பு.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியது எளிது. பெட்டி நமக்கு உரியதா என உறுதி செய்ய வேண்டும். நிலுவை இருந்தால் தீர்த்து, கணக்கை வாங்குபவர் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். மாற்ற இயலாதென நிறுவனம் சொன்னால், அதை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. எத்தனை ஆண்டு பயன்படுத்தினோம், என்ன பழுது, எவை வரும், எவை வரா என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அலைபேசி எண்ணோடு கொடுக்கலாம். வாங்குபவருக்கு ஒரு வார காலம் சோதித்துப் பார்க்க அவகாசம் தருவது இன்னும் சிறப்பு. வாங்குபவர் முஸ்லிமா, மாற்று மதச் சகோதரரா என்பதால் இவற்றில் எதுவும் மாறாது. நம் மார்க்கத்தை நூல்களில் படிப்போரைவிட, நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்து அறிவோரே மிகுதி.

உண்மையைச் சொன்னால் ஐந்நூறு ரூபாய் முந்நூறாகக் குறையலாம். சில வேளை விற்காமலும் போகலாம். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குறைந்த இருநூறு ரூபாயை நாம் இழப்பாகக் கருதுவதா, பரக்கத்தின் விலையாகக் கருதுவதா என்பதே நம் ஈமானின் சோதனை.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் சிறியதையும் பெரியதையும் ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன்.