கருப்பை நோயை மறைப்பது ஹயா அன்று

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய அருளும் அமைதியும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக!

 

நம் மஹல்லாவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் பள்ளிவாசலில் துஆ கேட்கப்படுகிறது. சிறுநீரகம் பழுதானால் ஜும்ஆவுக்குப் பின் உதவி திரட்டப்படுகிறது. ஆனால், ஒரு பெண்ணுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னால் அந்த வீட்டின் வாய் அடைக்கப்படுகிறது. ‘வயிற்றில் சிறு கட்டி’ என்று உறவினரிடம் சொல்லப்படுகிறது. மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியில் தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் எச்சரிக்கிறார்கள். தன் வாழ்நாளின் மிகக் கடினமான செய்தியை அப்பெண் தனியாகச் சுமக்கிறாள். இந்த மௌனத்துக்கு நம்மவர் சூட்டியிருக்கும் பெயர் ஹயா. இதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

முதலில் நோயைப் பற்றிப் பேசுவோம். கருப்பைப் புற்றுநோய்களுள் அரிதான ஒருவகை சர்கோமா. அதில் ஒன்று லியோமயோசர்கோமா. இது கருப்பையின் தசைச் சுவரில் தோன்றுவது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வரும் ஃபைப்ராய்டு என்னும் தீங்கற்ற கட்டியும் அதே தசையில்தான் தோன்றுகிறது. மிகுந்த உதிரப்போக்கு, அடிவயிற்றில் கனம், வலி ஆகியன இரண்டுக்கும் பொது. ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆகவே, ஃபைப்ராய்டு என்று எண்ணிக் கருப்பையை அகற்றியபின், திசுப் பரிசோதனை முடிவு வரும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. ஃபைப்ராய்டு அறுவைக்கு உள்ளாகும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத சர்கோமா இருக்கக்கூடும் என அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் மதிப்பிட்டது. கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக்கி எடுக்கும் கருவி, மறைந்திருக்கும் புற்றைப் பரப்பிவிடலாம் என்றும் எச்சரித்தது. மாதவிடாய் நின்ற பின்னும் வளரும் கட்டியும், நின்றபின் தோன்றும் உதிரமும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல.

இதையெல்லாம் ஒரு மார்க்க ஆசிரியர் எழுதலாமா என்று கேட்போர் ஃபிக்ஹு நூலைத் திறந்து பார்க்கட்டும். தூய்மை பற்றிய பாடத்தில் ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா பற்றிய சட்டங்கள் விரிவாக உள்ளன. ஹைளின் உச்ச அளவு ஷாஃபியீ மத்ஹபில் 15 நாள், ஹனஃபீ மத்ஹபில் 10 நாள் என்பதை மதரஸாவில் நாம் பாடமாகவே நடத்துகிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்னும் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து, தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார். நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. அது ஒரு நரம்பிலிருந்து வருவது, மாதவிடாய் அன்று என்று விளக்கித் தொழுகையின் வழியையும் கற்பித்தார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகவில்லை என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். தொழுகைக்காக உதிரத்தின் நாளை எண்ணக் கற்றுக்கொடுத்த மார்க்கம், உயிருக்காக அதே நாளை எண்ணுவதை வெட்கம் என்று சொல்லுமா?

கருப்பைக்கு அரபியில் ‘ரஹிம்’ என்று பெயர். அர்ரஹ்மான் என்னும் இறைநாமத்தின் வேரிலிருந்து வரும் சொல் அது. நிக்காஹ் குத்பாவில் வழக்கமாக ஓதப்படும் அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே அதன் பன்மை வருகிறது. ஆண்கள் நிறைந்த சபையில் ஒலிக்கும் அச்சொல், நோயுற்றதும் உச்சரிக்கத் தகாததாகிவிடுமா?

அடுத்தது, ஆண் மருத்துவரிடம் காட்டலாமா என்னும் கேள்வி. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரே முந்துவார். அத்துறையில் தேர்ந்த பெண் மருத்துவர் கிடைக்காத இடத்தில், மஹ்ரம் உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளார்கள். அரிய நோய்க்கு அனுபவம் மிக்கவர் தேவை. அவரைத் தேடுவதில் காலம் கடத்துவதுதான் குற்றம்.

இந்நோயை இறைத் தண்டனை என்று கூறுவோரும் உளர். அய்யூப் (அலை) அவர்கள் எந்தப் பாவத்துக்காக நோயுற்றார்கள்? வயிற்று நோயால் இறப்போரை ஷஹீதுகளின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்திருக்க, நோயாளியின் மீது பாவப் பழி சுமத்த இவர்களுக்கு அதிகாரம் தந்தது யார்?

தவக்குல் என்று சொல்லி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவோர் மற்றொரு சாரார். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் சர்ஃக் என்னும் இடத்திலிருந்து திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள். ஓதிப்பார்ப்பதை நாம் மறுக்கவில்லை, அது சுன்னத். தேனும் கருஞ்சீரகமும் நபிமொழிகளில் போற்றப்பட்டவை. ஆனால், சர்கோமாவுக்கு முதல் சிகிச்சை அறுவையே. அதை மூன்று மாதம் ஒத்திவைத்துவிட்டு ஓதிய தண்ணீரை மட்டும் நம்பச் சொல்பவர் தவக்குலைப் போதிக்கவில்லை. ஓர் அமானிதத்தைப் பாழாக்குகிறார்.

அவள் அழுதால், ‘ஸப்ரு செய்’ என்று அதட்டாதீர்கள். யூசுஃபை இழந்த யஅகூப் (அலை) அவர்கள் கண்கள் வெளுக்கும் அளவுக்குத் துயருற்றார்கள். அவர்களுடைய பொறுமை அதனால் குறைந்துவிடவில்லை. இறைவனிடம் முறையிடுவது பொறுமைக்கு முரணன்று. நோயாளிக்கு உபதேசத்தைவிட உடனிருக்கும் ஒருவரே பெருந்துணை. கீமோவின் நாளில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிக் கொடுப்பது ஒரு மணிநேர பயானைவிட மேலானது.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். மருந்துச் செலவும் மருத்துவர் கூலியும் கணவன் மீது கடமையல்ல என்று ஷாஃபியீ மத்ஹபின் பழைய நூல்களில் காணப்படுவது உண்மையே. இதை மேற்கோள் காட்டி ஒதுங்குவோர், மருத்துவம் இன்று உணவைப் போலவே இன்றியமையாத் தேவையாகிவிட்டது என்று கூறி அதையும் கணவனின் பொறுப்பில் சேர்த்த சிரிய அறிஞர் வஹ்பா அஸ்ஸுஹைலீ போன்றோரின் விளக்கத்தையும் படிக்க வேண்டும். அவனுடைய மனைக்கட்டு பத்திரமாக இருக்க, அவளுடைய மஹரும் நகையும் முதலில் விலைபோவது எந்த நீதி? கருப்பை அகற்றப்பட்டவளைக் குறையுள்ளவளாகப் பார்ப்பவன், பிள்ளைப்பேறே இல்லாத ஆயிஷா (ரலி) அவர்களை முஃமின்களின் அன்னை என்று எந்த நாவால் அழைக்கிறான்?

நோயுற்ற சகோதரியே, உமக்குச் சில சொற்கள். அரிய நோய் என்பதால் உம் திசுத் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் மருத்துவமனையில் கேட்டுப் பெற்று, சர்கோமாவில் தேர்ந்த மற்றொரு நிபுணரிடம் மறு ஆய்வுக்குக் கொடுங்கள். இந்நோய் நுரையீரலை நாடுவது மிகுதி. எனவே, நலமாக இருந்தாலும் தொடர் பரிசோதனையைத் தவறவிடாதீர். நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழலாம். தண்ணீர் தீங்கு தருமெனில் தயம்மும் உண்டு. நோன்பைப் பிற்படுத்தலாம், இனி நோற்க இயலாதென்றால் ஃபித்யா போதும். இவை உமக்கு இறைவன் அளித்த சலுகைகள். குற்ற உணர்வுக்கு இங்கு இடமில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளது. விண்ணப்பம் எழுதித் தரவும், உடன் செல்லவும் இருவரை நியமிப்பதற்கு என்ன தடை? சிகிச்சையால் ஏழ்மையுற்றோரும் கடனாளியானோரும் ஜகாத் பெறத் தகுதியுடையோர் என்பதை மிம்பரில் அறிவியுங்கள். மாதம் ஒருமுறை ஆலிமாவும் பெண் மருத்துவரும் சேர்ந்து பெண்களிடம் பேசட்டும்.

ஹயா ஈமானின் கிளைகளில் ஒன்று. அது பாவத்திலிருந்து தடுக்கும் வேலி. மருந்திலிருந்து தடுக்கும் சுவர் அன்று. நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைத் தனிமையில் விட்டுவிடாத சமூகமாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.