நிலையான முகவரிக்கு ஒரு பயணம்

வங்கிக் கணக்குத் தொடங்கும் படிவத்தில் தற்போதைய முகவரிக்கு ஒரு கட்டமும், நிலையான முகவரிக்கு ஒரு கட்டமும் உண்டு. தாராவியிலிருந்து வரும் மூத்த வாடிக்கையாளர்களுள் சிலர் இரண்டாம் கட்டத்தில் இன்றும் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றே எழுதுகின்றனர். அவர்களது ஊர் 1986ஆம் ஆண்டிலேயே புதிய தூத்துக்குடி மாவட்டத்திற்குள் சென்றுவிட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகளோ அதே கட்டத்தில் ‘மேற்கண்டவாறே’ என்று எழுதிவிடுகின்றனர். இவ்விரு விடைகளுக்கும் இடையே ஒரு கடற்கரை நம் நினைவிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது.

கோடை விடுமுறை நெருங்கினால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல இல்லங்களில் வெளிநாட்டுப் பயணப் பேச்சு எழுகிறது. பிரான்சின் நீஸ், இத்தாலியின் அமல்ஃபி என மத்தியதரைக் கடலோர நகரங்கள் இளைஞர்களை ஈர்க்கின்றன. வெயில் தோய்ந்த கரை, பழைய தேவாலயங்கள், மீனவர் குடியிருப்புகள், ஊருக்கே உரிய உணவு ஆகியவையே அந்த ஈர்ப்புக்குக் காரணம். அந்த ஆசையில் பிழையில்லை. உலகைக் காண்பதும் கல்வியே. ஆயினும், இவை யாவும் நம் நிலையான முகவரிக்கு அருகிலேயே இருப்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் மக்களே நமது கரையை நாடினர். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டியரின் கொற்கையில் நடைபெற்ற முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குச் சென்றுவிடுகிறது என்று உரோமானிய அறிஞர் பிளினி வருந்தினார். அந்நியச் செலாவணி குறித்த கவலை அத்துணை பழையது!

இன்றும் இக்கரையில் காண்பதற்குக் குறைவில்லை. மணப்பாட்டின் கடலோர மணற்குன்றின்மீது 1581ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. திருச்செந்தூரில் அலைகளுக்கு அருகிலேயே நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறுகிறது. காயல்பட்டினத்தில் பழைமையான பள்ளிவாசல்கள் உள்ளன. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் பக்தர்கள் காளியாகவும் குறவராகவும் அரசராகவும் வேடம் பூண்டு, காணிக்கை பெற்று, முத்தாரம்மன் சந்நிதியில் செலுத்துகின்றனர். ஆகஸ்ட் 5ஆம் நாள் தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நிறைவுறும். மும்பை மழையில் நனைந்துகொண்டிருக்கும் அந்நாளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள அக்கரையில் பெரும்பாலும் வெயிலே அடிக்கும்.

உணவிலும் இரு கடல்களும் சந்திக்கின்றன. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்யப்படும் மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்து வேறொரு சுவை பெற்றது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. நீஸ் நகரில் உள்ளவை போன்ற விடுதிகளும் நடைபாதைகளும் அங்கே இல்லை. கொற்கைக்குச் சென்றால், அவ்வூரின் பெருமையைச் சிறுவர்களுக்கு விளக்கிச் சொல்லப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். நமது கவலையும் அதுவே. அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் பல ஆண்டுகளாகத் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் மட்டுமே ஊருக்குச் சென்றோம். இரண்டாம் நாளே திரும்பினோம். பெரியவர்களோடு கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க எண்ணியபோது, கைப்பிடித்து அழைத்துச் செல்ல அவர்கள் இல்லை. நீஸ் நகரம் இருபது ஆண்டுகள் கழிந்தும் அங்கேயே இருக்கும். தாத்தாவின் நடை அதுவரை காத்திராது.

வங்கியாளர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். உல்லாசப் பயணத்திற்காகத் தனிநபர் கடன் பெறுவது எளிது. அதன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம். விடுமுறை முடிந்த பின்னும் மாதத் தவணை தொடரும். அதற்கு மாறாக, இன்றே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கலாம். முதல் முதிர்வுத் தொகையில் தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு நேரடி ரயிலில் மூன்று தலைமுறையும் சேர்ந்து செல்லலாம். அத்தொகை அங்குள்ள உணவகத்திற்கும் வாடகை வண்டிக்கும் கருப்பட்டி விற்பவருக்கும் பயன்படும். அடுத்து வரும் முதிர்வுகளைச் சேர்த்து மத்தியதரைக் கடலுக்கும் செல்லலாம். கொற்கை முத்தை அணிந்தவர்களின் நாடு என்ற அறிவோடு பிள்ளைகள் அதைக் காண்பர்.

படிவத்தின் இரண்டாம் கட்டத்தில் பேரன் எதை எழுதினாலும் எங்களுக்கு ஏற்புடையதே. ஆனால் அந்த ஊர் எது என்று கேட்டால், அவன் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.