எழுதப்படாத செலவுக் கணக்கு

அரசு அலுவலகக் கோப்புகளில் சில சொற்கள் மாசற்ற வெள்ளாடை உடுத்தி உலவுவதைக் காண்கிறோம். 'சீரமைப்பு' என்பது அவற்றுள் ஒன்று. ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளியில் பல்லாண்டுகளாக நடைபெற்று வந்த தொழிற்கல்விப் பிரிவு நின்றுபோகும்போது, அது மூடப்பட்டது என்று எவரும் எழுதுவதில்லை. பணியிட நிர்ணயம் செய்யப்பட்டது, பிரிவுகள் ஒருங்கிணைக்கப்பட்டன, உபரிப் பணியிடம் ஒப்படைக்கப்பட்டது என்றே எழுதுகின்றனர். அந்தப் பள்ளியையே நம்பியிருந்த ஏழைக் குடும்பம் எதை இழந்தது என்பதற்குக் கோப்பில் தனிப் பத்தி இல்லை. அந்தப் பத்தியை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது தொழிற்கல்வியும் அதனுடன் பிறந்தது. அதற்குப் பின்னணியில் நெடிய சிந்தனை இருந்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, பத்தாம் வகுப்புக்குமேல் பயில்வோரில் பாதிப்பேரேனும் தொழில்சார் கல்வி பெறவேண்டும் எனப் பரிந்துரைத்தது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றியவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவருமான மால்கம் ஆதிசேசையாவின் தலைமையில் அமைந்த தேசியக் குழு, 1978இல் மேல்நிலைக் கல்வி பற்றிய தன் அறிக்கையை அளித்தது. செய்து கற்றல் என்பதே அவ்வறிக்கையின் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் அடிநாதம். பொதுக்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் இடையே தாண்டமுடியாத மதில் எழக்கூடாது என்பது அதன் கருத்து.

பின்னர் நடந்தது என்ன? 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும், 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வகுத்தது. இலக்கு எட்டப்படவில்லை. 1992இல் கொள்கையைத் திருத்தியபோது விழுக்காடு அப்படியே நிற்க, ஆண்டுகள் மட்டும் 1995க்கும் 2000க்கும் தள்ளிவைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் கொள்கையோ, 2025க்குள் பாதி மாணவருக்குத் தொழில் அறிமுகம் என்றது. அதே ஆவணம் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டை எடுத்துக்காட்டி, 19 முதல் 24 வயது வரையுள்ள இந்தியத் தொழிலாளருள் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என ஒப்புக்கொள்கிறது. ஜெர்மனியில் அது 75 விழுக்காடு. தென்கொரியாவில் 96 விழுக்காடு.

இத்தனை அறிவிப்புகளுக்கும் நடுவே நம் ஊர்களில் தொழிற்பிரிவு எவ்வாறு தேய்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒரே ஆணையால் அது வீழ்வதில்லை. முதலில் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அவர் இடம் நிரப்பப்படுவதில்லை. செய்முறை வகுப்பு நின்றதும் கடைசல் பொறியில் துரு ஏறுகிறது. பயிற்றுவிக்க ஆளில்லாத பிரிவில் தம் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் தயங்குகின்றனர். சேர்க்கை குறைகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி, 'மாணவர் விருப்பம் காட்டவில்லை' என்று குறித்துச் செல்கிறார். பயிருக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, நிலம் தரிசு என்று சான்றிதழ் வழங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்வாறு மூடுவதால் மிச்சமாவன எவை? ஓர் ஆசிரியரின் ஊதியம், செய்முறைப் பொருள்களுக்கான சிறு தொகை, ஓர் அறை. இவை உடனே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே வரவுப் பத்தி விரைவில் நிரம்பிவிடுகிறது. இனிச் செலவுப் பத்திக்கு வருவோம்.

முதற் செலவு, அடைபடும் வழிகள். மேல்நிலைத் தொழிற்பிரிவில் தேறிய மாணவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர இயலும். கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் பயின்றவர் வணிகவியல் பட்டப்படிப்பை நாடலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டபோது, மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தோர் உதவித்தொகையுடன் தொழிற்கூடங்களில் பழகுநராகச் சேரவும் இடம் தரப்பட்டது. ஊர்ப் பள்ளியில் அப்பிரிவு மறையும்போது, சட்டம் திறந்துவைத்த வாயிலுக்குச் செல்லும் படிக்கட்டு இடிக்கப்படுகிறது. வாயில் இன்னும் திறந்தே இருக்கிறது என்று ஆறுதல் கூறுவதில் பயனில்லை.

இரண்டாவது செலவைச் சுமப்பவர்கள் பெண்மக்கள். 'அடுத்த நகரத்தில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறதே, பேருந்துப் பயண அட்டையும் இலவசந்தானே' என்பர். உண்மைதான். ஆயினும் இருட்டிய பின் முதன்மைச் சாலையில் இறங்கி ஊருக்குள் நடக்கவேண்டிய ஒரு கல் தொலைவுக்கு எந்த அட்டை துணை வரும்? தம் ஊர்ப் பள்ளியில் செவிலியமோ, நெசவியலும் ஆடை வடிவமைப்புமோ பயில மகளை விடுத்த பெற்றோர், நகரத்திற்கு அனுப்பத் துணிவதில்லை. அதன்பின் அவளுக்கு எஞ்சுவது தையற்கூடத்தின் தினக்கூலி, அல்லது முன்கூட்டியே நிச்சயிக்கப்படும் திருமணம். மூடியவர்களின் பேரேட்டில் இது செலவாகக் காட்டப்படுவதில்லை.

மூன்றாவது செலவைப் பொதுக்கல்விப் பிரிவே ஏற்கவேண்டியுள்ளது. கைத்திறனில் ஒளிரக்கூடிய மாணவன் வேறு வழியின்றி, தன் நாட்டத்துக்கு ஒவ்வாத பாடங்களில் அமர்த்தப்படுகிறான். வகுப்பறை நெரிகிறது, அவனும் பயன்பெறுவதில்லை, அருகிலிருப்பவனும் பயன்பெறுவதில்லை. இறுதியில் 'படிப்பு ஏறாதவன்' என்ற முத்திரை அவன்மேல் விழுகிறது.

நான்காவது, மீண்டும் கட்டுவதற்கான செலவு. எடைக்கு விற்ற பொறியை அந்த விலைக்கு மீட்க இயலாது. ஒப்படைத்த பணியிடத்தைத் திரும்பப் பெறுவது எத்துணை அரிது என்பதைப் பள்ளி நிர்வாகம் அறிந்தோர் உணர்வர். ஓர் ஆசிரியர் பல்லாண்டுகளில் அப்பகுதித் தொழிற்கூடங்களோடும் மருத்துவமனைகளோடும் ஏற்படுத்திக்கொண்ட உறவு, அவரோடு ஓய்வு பெற்றுவிடுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதை நாம் மதிக்கிறோம். 'தொழிற்கல்வி என்பது ஏழைகளையும் ஒடுக்கப்பட்டோரையும் பட்டப்படிப்பிலிருந்து விலக்கிவைக்கும் சூழ்ச்சி அன்றோ? 1953இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் போராடி, 1954இல் அதைக் கைவிடச் செய்த மண்ணில், இதற்கு வக்காலத்தா?' என்பது அம்மறுப்பு. அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. மதிப்பெண் குறைந்தோரைத் தள்ளிவிடும் மூலையாகத் தொழிற்பிரிவைப் பல பள்ளிகள் நடத்தியதும் கண்கூடு. ஆனால் தந்தையின் தொழிலை மகன் மீது சுமத்துவது வேறு. தந்தை தொட்டறியாத பொறியை மகனும் மகளும் விரும்பித் தேர்ந்து, சான்றிதழோடும் மேற்படிப்பு உரிமையோடும் கற்பது வேறு. முன்னது பிறப்பால் வந்த விலங்கு. பின்னது அவ்விலங்கை அறுக்கும் அரம். தொழிற்பிரிவு மூலையாகிவிட்டதென்றால் அதைக் கூடத்துக்குக் கொண்டுவருவதே சமூக நீதி. மூலையையும் இடித்துவிட்டால் அங்கிருந்த பிள்ளைகள் கூடத்துக்கு வந்துவிடுவதில்லை, தெருவுக்குச் செல்கின்றனர்.

மற்றொரு சாரார், 'பழையது கழிந்தாலும் புதியது வந்திருக்கிறதே' என்பர். 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. 2018இல் மேல்நிலைத் தொழிற்பாடங்களின் பாடத்திட்டம் தமிழகத்தில் புதுப்பிக்கப்பட்டது. 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றின் நற்பயனை நாம் மறுக்கவில்லை. பாடநூலைப் புதுப்பித்தது போற்றத்தக்கது. எனினும் புதிய நூலைக் கற்பிக்க நிலையான ஆசிரியர் வேண்டாவா? குறுகிய காலப் பயிற்சி, ஈராண்டுக் கல்விக்கு ஈடாகாது. ஒப்பந்தத்தில் வரும் பயிற்றுநர், நிதி நின்றால் நின்றுவிடுவார். பி.எம். ஸ்ரீ திட்டம் பற்றிய பிணக்கில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்சா நிதியை நடுவண் அரசு தமிழகத்துக்கு விடுவிக்காமல் நிறுத்திவைத்ததை நாம் கண்டோம். இரண்டு அரசுகளின் வழக்கு முடியும்வரை பதினாறு வயதுப் பிள்ளையின் பருவம் காத்திருக்குமா?

கத்தோலிக்க நிர்வாகங்களிடமும் நாம் ஒன்று கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். தச்சரின் இல்லத்தில் வளர்ந்தவரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் சபை நம்முடையது. தூய ஜான் போஸ்கோ தூரின் நகரில் 1853இல் காலணி, தையல் பட்டறைகளைத் தொடங்கியது, கைவிடப்பட்ட இளைஞரின் மாண்பைக் காக்கவே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் தொழில்நுட்பப் பள்ளிகளையும் பேணவேண்டியவற்றுள் வைத்தது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு அதைச் செய்யும் மனிதரிடமிருந்தே வருகிறது என்று கற்பித்தார். இத்தகைய மரபுடைய நாம், அரசு உதவிபெறும் தொழிற்பிரிவு தேய்ந்த அறையில் கட்டணம் வாங்கும் சுயநிதிப் பிரிவு எழும்பும்போது, அதை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதலாமா? அந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பங்கின் பொதுநிலையினருக்கும் உண்டு.

எந்தப் பிரிவையும் என்றும் மாற்றவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. தட்டச்சுப் பொறியின் காலம் போய்விட்டது. அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டுவதில்லை. ஆனால் மூடுவதற்குமுன் சில வினாக்களுக்கு எழுத்தில் விடை வேண்டும். சேர்க்கை குறைந்தது ஆசிரியர் இல்லாமையாலா, ஆர்வம் இல்லாமையாலா? அடுத்த வாய்ப்பு எத்தனை கல் தொலைவில் உள்ளது, பெண்பிள்ளைகள் அங்கே சென்று திரும்ப முடியுமா? சென்ற ஐந்தாண்டுகளில் இப்பிரிவில் பயின்றோர் இன்று எங்கே இருக்கின்றனர்? மிச்சமாகும் தொகை அதே பிள்ளைகளுக்குத் திரும்புமா, வேறெங்கும் போகுமா?

இவ்வினாக்களைக் கேட்பதற்குப் பெற்றோர்-ஆசிரியர் கழகமும் பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கின்றன. அக்கூட்டங்களுக்கு வராமல் இருந்துவிட்டு, தீர்மானம் நிறைவேறிய பின் திண்ணையில் புலம்புவது ஆகாது. வரும் கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குமுன், உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை தொழிற்பிரிவுகள் உள்ளன, அவற்றுள் எத்தனைக்கு ஆசிரியர் உண்டு என்று தலைமையாசிரியரிடம் கேட்டறியுங்கள். ஆசிரியர் இல்லையெனில் மனு எழுதுங்கள். மறைமாவட்டப் பள்ளியாயின் அதன் நிர்வாகிக்கும் ஒரு படி அனுப்புங்கள். அந்தப் பூட்டிய அறையின் சாவி இன்னமும் யாரோ ஒருவர் மேசையில்தான் இருக்கிறது.